சனிக்கிழமைகளில் போன் நம் கையில்தான் இருக்கிறது

ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் ஐந்தாம் பக்க மூலையில் ஒரு சின்னச் செய்தி போட்டிருந்தீர்கள். வட லண்டனில் ஒரு யூதத் தொழுகைக்கூடத்தின் மதிலில் யாரோ இரவோடிரவாக நாஸிச் சின்னம் கீறிவிட்டுப் போன செய்தி. செய்தி சரி. தலைப்புத்தான் என்னை எழுத வைத்தது. "இஸ்ரேலியர் வழிபாட்டிடத்தில் விஷமம்" என்று இருந்தது. அங்கே தொழப் போகிற ஆட்கள் இஸ்ரேலியர் இல்லை ஐயா, இந்த நாட்டு ஆட்கள். அவர்களில் நிறையப் பேரின் பூட்டன்மார் 1880களுக்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் நடந்த கலவரங்களுக்குத் தப்பி, கிழக்கு லண்டனில் கப்பலால் வந்து இறங்கியவர்கள். இலங்கைத் தமிழர் நாங்கள் ஹீத்ரோவில் வந்து இறங்கியதற்கு நூறு வருடம் முந்தி. மதிலில் கீறினவனும் உங்கள் தலைப்புக்காரர் விட்ட அதே பிழையைத்தான் விட்டிருப்பான் என்று நினைக்கிறேன். எங்கேயோ ஓர் அரசு செய்ததற்குப் பக்கத்துத் தெருக்காரன் பதில் சொல்ல வேண்டும் என்கிற கணக்கு.

இந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியாததா? 1983 யூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள் தொடங்கி எரிந்தது யாருடைய கடை? கொழும்பில், வெள்ளவத்தையில் அரிசி பருப்பு விற்றுக்கொண்டிருந்தவர்களுடையது. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு எது தமிழ் வீடு என்று பார்த்துப் பார்த்துப் போனார்கள், ரோட்டில் மறித்து வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி உச்சரிப்பை வைத்து ஆளைப் பிடித்தார்கள். இங்கே யூதர் போடுகிற தொப்பியை வைத்துப் பிடிக்கிறார்கள்.

அப்புறம் அந்த "விஷமம்". விஷமம் என்றால் சின்னப் பெடியன் சீனிப் போத்தலுக்குள் கை விடுவது. தொழுகைக்கூடத்து மதிலில் அந்தச் சின்னத்தைக் கீறுவது இந்த நாட்டுச் சட்டத்தில் சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம், அதோடு இன அல்லது மதப் பகைமையால் செய்ததென்பதால் தண்டனை கூடுகிற குற்றம். 1998ஆம் ஆண்டுச் சட்டம் இனப் பகைமைக்கு இதைக் கொண்டுவந்தது, 2001இல் மதத்தையும் சேர்த்தார்கள். யூதர் விடயத்தில் இரண்டும் பொருந்தும், ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒரு மதத்தவரும்தான், ஓர் இனத்தவரும்தான்.

நான் வடமேற்கு லண்டனில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்கிறேன். ஹென்டன், கோல்டர்ஸ் கிரீன், எட்ஜ்வெயர் பக்கத்தில் எங்கள் ஆட்கள் கடை, ஷெட் என்று எத்தனை பேர் நிற்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும், உங்கள் பேப்பரை அங்கெல்லாம்தான் கட்டுக்கட்டாக வைக்கிறீர்கள். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் யூதர்கள். வெள்ளிக்கிழமைகளில் வந்து பாருங்கள், மாரிகாலம் என்றால் மூன்று மணிக்கே அந்தரப்பட்டு வந்து பெற்றோல் அடித்துக்கொண்டு ஓடுவார்கள். டிசெம்பரில் நாலு மணிக்கு முதலே பொழுதுபட்டுவிடும். பொழுதுபட்டால் சப்பாத், ஓய்வுநாள். பக்தியானவர்கள் அதற்குப் பிறகு சனி இரவு வெள்ளி முளைக்கும்வரை கார் ஓட்ட மாட்டார்கள், காசு தொட மாட்டார்கள், போனும் எடுக்க மாட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஒரு தகப்பன், கறுப்புக் கோட், கறுப்புத் தொப்பி, பக்கத்தில் இரண்டு பெடியன்கள், சின்னவனுக்கு ஆறு வயது இருக்கும். தொழுகை முடிந்து எங்கள் ஷெட் வாசலால் நடந்து போகிறார்கள். இரண்டாம் பம்பில் பெற்றோல் அடித்துவிட்டு வெளியே போன ஒரு வெள்ளிநிறக் கார் அவர்களுக்குப் பக்கத்தில் மெதுவாகியது. கண்ணாடி இறங்கியது. முதலில் "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். நான் டயரில் காற்றுப் போகிறதாக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு சிரிப்பு, ஹிட்லர் பெயரைச் சொல்லி ஒரு வசனம், பாதி குடித்த கோலா ரின் ஒன்று பறந்து வந்து தகப்பனின் தோளில் பட்டது. கார் போய்விட்டது. எல்லாம் சேர்த்துப் பத்து செக்கன் இருக்காது.

நான் துடைக்கக் கடதாசி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். பொலிஸுக்கு அடிக்கட்டுமா என்று கேட்டேன். அவர் கோட்டைத் துடைத்துக்கொண்டே, "இன்று நான் போன் பாவிப்பதில்லை, இரவு பார்க்கிறேன், பிள்ளைகள் பயந்துவிட்டார்கள், வீட்டுக்குப் போக வேண்டும்" என்றார். சின்னவன் அழவில்லை. தலையில் இருந்த குட்டித் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். யாரும் அவனிடம் வைக்கச் சொல்லவில்லை.

அந்தச் சத்தம் என்னவென்று எனக்கு அன்று விளங்கவில்லை. பிறகு இங்கே பிறந்து வளர்ந்த என் மகள்தான் சொன்னாள், அது விஷவாயுச் சத்தமாம். நாஸிகள் முகாம்களில் யூதர்களை வாயு திறந்துவிட்டுக் கொன்றதை நினைவுபடுத்திப் பரிகசிக்கிற சத்தம். உதைபந்தாட்ட மைதானங்களில் கனகாலமாக இருந்து வருகிற வழக்கம் என்றாள். பாருங்கள், கண்ணுக்கு முன்னால் நடந்தும் எனக்கு அது சும்மா காற்றுச் சத்தம்.

நான் அன்று பொலிஸுக்கு அடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். முதலாளிக்குச் சொன்னேன். "பட்டவனே பேசாமல் போய்விட்டான், உனக்கேன் வம்பு, பிறகு கோடு கச்சேரி என்று அலைய வேண்டும்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். எங்கள் ஷெட்டில் கமரா எல்லா வாகனத்தின் இலக்கத்தகட்டையும் பிடிக்கும், காசு கட்டாமல் ஓடுகிறவனைப் பிடிக்க வைத்தது. ஆனால் பதிவு 31 நாள்தான் நிற்கும், அதற்குப் பிறகு அதன்மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். அந்தக் காரின் இலக்கம், ஓட்டினவன் உள்ளே வந்து கார்டால் காசு கட்டின முகம், எல்லாம் ஒரு மாதம் எங்கள் பெட்டிக்குள் இருந்து பிறகு அழிந்து போனது.

அப்போது எனக்குத் தெரியாத விடயம் ஒன்று. பட்டவர்தான் முறையிட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. வெறுப்புக் குற்றம் என்பதற்குப் பொலிஸும் அரச வழக்குத்தொடுநர்களும் வைத்திருக்கிற விளக்கத்திலேயே, பாதிக்கப்பட்டவரோ "வேறு எவருமோ" இது இனம், மதம் போன்றவற்றின் மீதான பகைமையால் நடந்தது என்று கருதினால் அப்படியே பதிய வேண்டும் என்று இருக்கிறது. அந்த "வேறு எவரும்" நானும்தான், நீங்களும்தான், பஸ்ஸில் முன் சீற்றில் இருந்த ஆச்சியும்தான். இது சும்மா வந்ததில்லை. 1993இல் தென்கிழக்கு லண்டன் எல்தமில் பஸ்ஸுக்கு நின்ற ஸ்ரீவன் லோரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பினப் பெடியனைக் குத்திக் கொன்றார்கள், பொலிஸ் அந்த வழக்கைக் கையாண்ட சீத்துவம் விசாரணைக்கு வந்தது, 1999இல் வெளிவந்த மக்பர்சன் அறிக்கைதான் இனவாதச் சம்பவத்துக்கு இந்த வரையறையைச் சொன்னது. ஒரு கறுப்பினத் தாயும் தகப்பனும் வருடக்கணக்கில் அலைந்து பெற்றுத் தந்தது. யூதருக்கும் அதுதான், முஸ்லிமுக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான்.

இதில் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கருதினால் போதும் என்பது பதிவதற்கு மட்டும். நீதிமன்றத்தில் ஒருவனைக் குற்றவாளி என்று காட்டச் சாட்சி, ஆதாரம் எல்லாம் வழமைபோலத் தேவை. பகைமை நிரூபணமானால் நீதிபதி அதைத் தண்டனையைக் கூட்டுகிற காரணமாக எடுக்க வேண்டும், எடுத்ததைத் திறந்த மன்றில் சொல்லவும் வேண்டும். சாதாரணமாக ஒருவரைத் தட்டினால் ஆறு மாதத்தோடு நிற்கிற குற்றம், இனப் பகைமையோடு என்றால் இரண்டு வருடம்வரை போகும். அந்தக் கோலா ரின்னும் அந்த வகைக்குள்தான் வந்திருக்கும்.

இரண்டாம் முறை விடவில்லை. போன வருடம், திரும்பவும் சனிக்கிழமைதான், வேறு ஆட்கள். ஒரு வயதான மனிசனைப் பார்த்துக் கத்திவிட்டு அவருடைய தொப்பியைத் தட்டி விழுத்தினார்கள். நான் பில் கடதாசியின் பின்பக்கத்தில் நேரம், கார் இலக்கம், போட்டிருந்த உடுப்பு, சொன்ன வசனம் எல்லாவற்றையும் எழுதினேன். வசனத்தைச் சொன்னபடியே எழுத வேண்டும், கெட்ட வார்த்தை என்று வெட்கப்பட்டு "தகாத வார்த்தைகளால் ஏசினார்" என்று எங்கள் பேப்பர் தமிழில் எழுதினால் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் அந்த வார்த்தைதான் பகைமைக்குச் சாட்சி. பொலிஸின் அவசரமில்லாத இலக்கமான 101க்கு அடித்தேன். ஆள் இன்னும் அங்கேயே நின்று அடித்துக்கொண்டிருந்தால் 999. ஆங்கிலம் தட்டுப்பட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பொலிஸ் ஒரு முறைப்பாட்டு இலக்கம் தந்தது, நாலாம் நாள் ஒருவர் வந்து கமராப் பதிவை எடுத்துக்கொண்டு போனார், கார்க்காரனைக் கண்டுபிடித்ததாகப் பிறகு அறிந்தேன். அதற்கு மேல் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லவில்லை. கோடு கச்சேரி என்று நான் இதுவரை அலையவும் இல்லை.

அதே இரவு இன்னோர் இடத்துக்கும் அடித்தேன். யூத சமூகத்தின் பாதுகாப்புக்கென்றே சிஎஸ்ரி என்று ஓர் அறநிறுவனம் இருக்கிறது, கொம்யூனிற்றி செக்கியூரிற்றி ட்ரஸ்ற். 0800 032 3263, இருபத்துநாலு மணித்தியாலமும் எடுப்பார்கள். 1984 தொடக்கம் இந்தச் சம்பவங்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். குற்றம் என்கிற அளவுக்கு வராத ஏச்சுப் பேச்சையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் (அப்படியானவற்றைப் பொலிஸ் எந்த அளவுக்குப் பதிய வேண்டும் என்று இந்த நாட்டில் பெரிய அரசியல் சண்டையே நடந்திருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை). நான் யூதன் இல்லை, பார்த்தவன் என்றேன். அந்தப் பெண் பிள்ளை ஒரு வித்தியாசமும் காட்டாமல் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். அவர்கள் கணக்கில் 2022இல் ஏறக்குறைய 1,660 சம்பவங்கள், 2023இல் நாலாயிரத்தைத் தாண்டியது, அதில் பெரும்பகுதி ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய ஒக்டோபர் 7க்குப் பிறகு, 2024இலும் 3,500க்கு மேல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் யூதர்கள் மொத்தமே 270,000 பேர் அளவில்தான், நூறு பேருக்கு அரை ஆள். அந்தக் கோலா ரின் இந்தக் கணக்கில் ஏறியதோ தெரியாது. தகப்பன் அன்று இரவு பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டுக் களைத்துப் போயிருந்தால் ஏறியிருக்காது.

சப்பாத் என்பதால் உயிர் போகிற நேரத்திலும் போன் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். உயிர் ஆபத்து என்றால் ஓய்வுநாள் விதி தள்ளி நிற்கும், அது அவர்கள் மதத்திலேயே உள்ளது. 2025 ஒக்டோபர் 2, அவர்களின் ஆகப் புனிதமான யோம் கிப்பூர் நாளில் மன்செஸ்டர் ஹீற்றன் பார்க் தொழுகைக்கூடத்துக்கு ஒருவன் காரால் மோதி, கத்தியோடு வந்தபோது உள்ளே இருந்தவர்கள் கதவை அடைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் பொலிஸின் துப்பாக்கிச் சூடு பட்டு. அப்படியான நாளில் எல்லாரும் போன் எடுப்பார்கள், உங்கள் பேப்பரும் முதல் பக்கத்தில் போடும். நான் சொல்வது அதற்குக் கீழே இருக்கிற தொப்பி, கோலா ரின், வாசல் நிலை சமாச்சாரங்களை. வாசல் நிலை என்றது ஏனென்றால், யூத வீடுகளில் வலது பக்க நிலையில் சரிவாக ஒரு விரல் நீளப் பெட்டி அடித்திருப்பார்கள், மெசூசா என்பார்கள், உள்ளே வேத வசனம் எழுதின தோல் சுருள். அதைப் பிடுங்கி எறிந்திருந்தால் அது திருட்டோ சேட்டையோ மட்டும் இல்லை. கடிதம் போடுகிறவர்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற எங்கள் பெடியன்கள்தான் இதையெல்லாம் முதலில் காண்பார்கள்.

சுவஸ்திகா விடயத்தில் எங்களுக்கு ஒரு தனிச் சங்கடம். என் வீட்டு வாசலிலும் இருக்கிறது, குடிபுகுந்த அன்று ஐயர் மஞ்சளில் போட்டது. பக்கத்து வீட்டு யூத அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை, பிறகு நேரே கேட்டார், நான் சொன்னேன், இப்போது தீபாவளிக்குப் பலகாரம் போகிறது. எங்களுடையது நேராக இருக்கும், அநேகமாக நாலு மூலையிலும் நாலு புள்ளி இருக்கும், மஞ்சளோ குங்குமமோ. நாஸிகளுடையது பெரும்பாலும் சாய்த்து வைத்தது, சிவப்புத் துணியில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பு. ஆனால் சுவரில் ஸ்பிரே அடிக்கிறவன் கோணம் பார்த்தா கீறுவான்? எங்கே கீறியிருக்கிறது, பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, 88 போன்ற இலக்கம் இருக்கிறதா (ஹிட்லருக்கு வணக்கம் சொல்கிற குறி) என்று பாருங்கள். கவுன்சில் ஆட்கள் வந்து கழுவ முன் படம் எடுத்து வையுங்கள். கழுவின பிறகு மதில்தான் மிஞ்சும்.

இனி எங்கள் வீட்டுக் குப்பை. எங்கள் ஊர்ச் சங்க வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கிழமைக்கு ஒன்றாவது வரும், "ஹிட்லரின் பொன்மொழிகள்" என்று பூப்போட்ட படம். "ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்தாத்தான் நாடு திருந்தும்" என்று சொல்லாத பெரியப்பா எந்தக் குடும்பத்தில் இல்லை? உலக வங்கி முழுதும் யூதர் கையில், இரட்டைக் கோபுரம் விழுந்த அன்று யூதர் யாருமே வேலைக்குப் போகவில்லை என்றெல்லாம் வரும். அந்தக் கோபுரங்களில் இறந்தவர்களில் யூதர் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். "யூதர்கள் உலகத்தை ஆளச் சதி" என்ற கதையின் மூலமே ரஷ்யாவில் 1903இல் அச்சான ஒரு போலி ஆவணம், அது களவாக எழுதினது என்று லண்டன் டைம்ஸ் 1921இலேயே போட்டு உடைத்துவிட்டது. நூறு வருடம் கழித்து அதைத் தமிழில் ஃபோர்வேர்ட் பண்ணிக்கொண்டிருக்கிறோம். பண்ணுகிறவர் கெட்ட மனிசன் இல்லை, என் சொந்த மச்சான்தான் ஒருவர். "அந்த ஸ்ஸ்ஸ் சத்தம் போட்டவனும் இதைப் படித்துத்தான் வளர்ந்திருப்பான், அழியுங்கோ அத்தான்" என்று போட்டேன். குழுவை விட்டே போய்விட்டார்.

இதைப் படிக்கிற சிலர் கேட்கப் போவது தெரியும், அப்போ காசா? நானும் காசாவுக்காக ஊர்வலம் போனவன், முள்ளிவாய்க்காலைப் பார்த்த கண்ணுக்கு அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை. யூத விரோதத்துக்கு இந்த நாட்டு அரசு 2016இல் ஏற்ற சர்வதேச வரைவிலக்கணத்தைப் பற்றிப் பெரிய வாதப் பிரதிவாதம் உண்டு, அது இஸ்ரேல் மீதான விமர்சனத்தின் வாயைக் கட்டுகிறது என்கிறவர்கள் யூதர்களிலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்த வரைவிலக்கணத்துக்குள்ளேயே, மற்ற எந்த நாட்டையும் விமர்சிப்பதுபோல இஸ்ரேலை விமர்சித்தால் அது யூத விரோதம் ஆகாது என்று எழுதித்தான் இருக்கிறது. சிஎஸ்ரியும் தங்களுக்கு வருகிற எல்லாவற்றையும் கணக்கில் ஏற்றுவதில்லை, பார்த்துவிட்டு இது யூத விரோதம் இல்லை என்று நிறைய ஒதுக்குகிறார்கள். நெத்தன்யாகுவின் படத்தில் சிவப்பு மை ஊற்றின பதாகை வேறு. கோல்டர்ஸ் கிரீனில் பேக்கரிக் கண்ணாடியை உடைத்துவிட்டு "காசாவுக்காக" என்பது வேறு. பேக்கரிக்காரர் எந்தக் கட்சிக்கு வாக்குப் போட்டவர் என்று உடைத்தவன் கேட்டானா?

எங்கள் ஆட்கள் பொலிஸுக்கு அடிக்கப் பயப்படுகிற காரணமும் எனக்குத் தெரியும். விசா இழுபறியில் நிற்கிற பெடியன் ஒருவன் இரவு ஷிப்ட்டில் நிற்பான், அவனைப் போய்ச் சாட்சி சொல்லு என்றால் எப்படி? அவன் 0800 555 111க்கு, கிரைம்ஸ்ரொப்பர்ஸ் என்ற அறநிறுவனத்துக்கு அடிக்கலாம், பெயர் கேட்க மாட்டார்கள். ரெயினிலோ ரியூப்பிலோ என்றால் ரெயில் பொலிஸின் 61016க்குக் குறுஞ்செய்தி, சத்தம் வராமல் சீற்றில் இருந்தபடியே அனுப்பலாம். ஒன்லைனில் கண்டது என்றால் அழிக்க முன் கணக்கின் பெயர், நேரம், இணைப்பு எல்லாம் தெரிகிற மாதிரிப் படம் பிடித்து வைக்க வேண்டும். ஆளோடு மல்லுக்கட்டப் போக வேண்டாம். பட்டவரிடம் போய்ப் பக்கத்தில் நின்று, "நான் பார்த்தேன்" என்று சொன்னாலே பெரிய காரியம். அந்தத் தொப்பி விழுந்த மனிசன் அடுத்த கிழமை ஷெட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் அதுதான், "நீங்கள் பார்த்தீர்கள்". நன்றி என்றுகூடச் சொல்லவில்லை.

1990களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனில் எங்கள் அகதிப் பெடியன் ஒருவனை இனவெறியர் ரோட்டில் வைத்து அடித்துக் கொன்றார்கள். பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

ஆசிரியர் ஐயா, கடைசிப் பக்கத்தில் மரண அறிவித்தல்களுக்குக் கீழே இராசிபலனுக்கு ஒரு பெட்டி போடுகிறீர்களே, அதற்குப் பக்கத்தில் இரண்டு அங்குலம் ஒதுக்கி மேலே சொன்ன நாலு இலக்கங்களையும் 999ஐயும் தமிழில் போட முடியுமா? வெட்டி எங்கள் ரில்லுக்கு மேல் ஒட்டுவேன், மற்ற ஷெட்காரர்களுக்கும் கொடுப்பேன். அதோடு அந்த ஐந்தாம் பக்கத் தலைப்புக்கு ஒரு திருத்தமும் போடுங்கள். "இஸ்ரேலியர்" என்ற இடத்தில் "யூதர்", "விஷமம்" என்ற இடத்தில் "வெறுப்புக் குற்றம்".

இப்படிக்கு,
பெற்றோல் ஷெட் வாசகர் ஒருவர்,
வடமேற்கு லண்டன்